‘குராங் ஆஜார்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி: செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். நான் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். மூவினத்தாரும் கலந்து வாழும் இடம் என்பதால், நிர்வாகக் குழுவினர் அறிவிப்புகளை மலாயில் எழுதி, சீனத்திலும் தமிழிலும் மொழிபெயர்க்கச் செய்து, மின்தூக்கிக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் ஒட்டுவார்கள். தமிழ்ப் பகுதி சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. தண்ணீர்த் தடை, குப்பை, வாகன நிறுத்துமிடம் என்று எத்தனையோ அறிவிப்புகளை எழுதிவிட்டேன். சென்ற வாரம் வந்த அறிவிப்பில் ஒரே ஒரு சொல்லைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன்.

நடந்தது இதுதான். மாலையில் மின்தூக்கி வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிலர், கைத்தடி ஊன்றி வந்த ஒரு பெரியவருக்கு வழிவிடவில்லை. அவர் கேட்டபோது எடுத்தெறிந்து பதில் சொல்லிவிட்டு, அவருக்கு முன்னால் உள்ளே ஏறிக் கதவையும் மூடிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். இதைக் குறித்து எழுதப்பட்ட மலாய் அறிவிப்பில், பிள்ளைகளின் ‘குராங் ஆஜார்’ நடத்தையைப் பெற்றோர் கண்டிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. மரியாதை கெட்டவர்களைத் திட்ட மலாயில் சொல்லும் சொல் அது. நான் அதை ‘அநாகரிகமான நடத்தை’ என்று எழுதினேன். வீட்டில் அதைப் படித்த என் மாமனார், “இது சரியில்லையே அம்மா. அவர்கள் சொல்லியிருப்பது பெற்றவர்களை. நீ எழுதியிருப்பதைப் படித்தால் அங்கே ஏதோ அசிங்கம் நடந்துவிட்டது போல அல்லவா இருக்கிறது?” என்றார்.

அவர் சொன்னபடி ‘வளர்ப்புச் சரியில்லாத’ என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். எழுதிய பிறகு அதை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவனின் தாய் இரவு வேலைக்குப் போய் மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறார். அந்தப் பலகையைக் கடந்துதான் அவர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் புறப்பட வேண்டும்.

‘குராங் ஆஜார்’ என்ற சொல்லின் கனம் உண்மையில் எவ்வளவு, ‘அநாகரிகம்’ என்று நான் எழுதியது எந்த இடத்தில் பிழைபட்டது, நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். வீட்டில் பேசும்போது அந்த மலாய்ச் சொல்லையே சொல்லிவிட்டுப் போகிறோம். எழுத உட்கார்ந்த பிறகுதான் அதற்குச் சமமான சொல் கைவசம் இல்லை என்பது தெரிகிறது.


பதில்: பழைய வாத்தியார், பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் மாமனார் சொன்ன இரண்டு செய்திகளும் சரியானவை.

முதலில் மலாய்ச் சொல்லைப் பார்ப்போம். ‘குராங்’ என்றால் குறைவு. ‘ஆஜார்’ என்றால் கற்பித்தல். படிப்பதைக் குறிக்கும் ‘பெலாஜார்’, பாடத்தைக் குறிக்கும் ‘பெலாஜாரான்’ ஆகிய சொற்களில் நம் பிள்ளைகள் நாள்தோறும் காணும் அதே ‘ஆஜார்’தான் இது. காதுக்கு ஒத்து வருகிறது என்பதற்காக இதை நம்முடைய ‘ஆசாரம்’ என்று சிலர் விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கொள்ள இடமில்லை. சொல்லிக் கொடுத்தது போதாதவன் என்பதே அதன் நேர்ப்பொருள். ஒருவனைப் பார்த்து அப்படிச் சொல்லும்போது, அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வி தானாகவே எழுந்துவிடுகிறது. நம்மிடமும் இதே கனத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது: ‘இதுதான் உன்னை வளர்த்த லட்சணமா?’

அந்தத் தமிழ் வாக்கியத்தை நான் வகுப்பறையில் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் வேலை பார்த்த காலம். என்னிடம் குரலை உயர்த்திப் பேசிய ஒரு மாணவனைப் பார்த்து, நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில் அப்படிக் கேட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவனுடைய பாட்டி பால்வெட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் காய்ந்த பால் கறையோடு பள்ளிக்கு வந்தார். அவனுக்குத் தாயும் தகப்பனும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லிக் கொடுத்தேன் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். ஆகவே, அந்தத் தாயை எண்ணி உங்கள் கை தயங்கியது சரியான தயக்கம் என்றே கருதுகிறேன்.

இனி ‘அநாகரிகம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இச்சொல்லின் பழைய நிலையை அறிந்தால், நீங்கள் அதைத் தேர்ந்ததில் தவறே இல்லை என்றுகூடச் சொல்லத் தோன்றும். நகரத்தோடு தொடர்புடையதாகத் தோன்றிய ‘நாகரிகம்’, திருக்குறளில் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில், 580ஆவது குறளில், வருகிறது: ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்.’ பழகியவர் தம் கண்ணெதிரிலேயே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும், முகம் முறிய மறுக்க மாட்டாமல் உண்டு அமைவார் நாகரிகம் வேண்டுபவர் என்பது பொருள். நற்றிணையின் 355ஆவது பாடலும் ‘நஞ்சும் உண்பர் நனிநாகரிகர்’ என்று இதையே சொல்கிறது. பரிமேலழகர் இக்குறளுக்கு உரை எழுதும்போது நாகரிகம் என்பதற்குக் கண்ணோட்டம் என்றே பொருள் கொள்கிறார். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்வதுதான் அன்றைய நாகரிகம். கைத்தடியோடு நின்ற பெரியவரின் முகத்தைப் பாராமல் கதவை மூடியது, அந்தப் பழைய பொருளில், அப்பட்டமான அநாகரிகமே.

ஆனால் சொல் அங்கேயே நிற்கவில்லை. சிந்துவெளி நாகரிகம் என்று வரலாற்றுப் பாடத்திலும், நாகரிக உடை என்று துணிக்கடை விளம்பரத்திலும் அது வேறு வேறு பொருள்களை ஏற்றுக்கொண்டது. அதன் எதிர்ச்சொல்லோ நாளிதழ்களின் கையில் இன்னொரு வேலைக்குப் போய்விட்டது. ஒரு பெண்ணிடம் எவனோ தகாத முறையில் நடந்துகொண்டதை விரித்து எழுதக் கூசும் செய்தியாளர், ‘அநாகரிகமாக நடந்துகொண்டார்’ என்று முடித்துவிடுகிறார். இப்படிப் பல ஆண்டுகளாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு, மின்தூக்கி, அநாகரிகம் என்ற இரண்டு சொற்களும் ஒரே அறிவிப்பில் வந்தால் என்ன தோன்றும்? உங்கள் மாமனார் ‘அசிங்கம்’ என்று சொன்னது இதனால்தான். பிள்ளைகளின் மீது அந்த நிழல் விழக் கூடாது.

இடையில் ஒன்று. ‘அநாகரீகம்’ என்று நெடிலிட்டுப் பலரும் எழுதுகிறார்கள். ‘நாகரிகம்’ என்று ரகர இகரத்தோடு எழுதுவதே முறை. நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

நானாக இருந்தால் மரியாதை என்ற சொல்லின் பக்கம் போவேன். வடமொழியில் அது எல்லை, கரை என்னும் பொருளில் தொடங்கிய சொல். நாம் சேர்த்துச் சொல்லும் ‘மட்டுமரியாதை’யில் உள்ள ‘மட்டு’ என்பதும் அளவைத்தான் குறிக்கிறது. ‘வரம்பு மீறிப் பேசினான்’ என்னும்போது வயலின் வரப்பு அங்கே வந்து நிற்கிறது. தமிழர் இந்தக் குற்றத்தை ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையில் உள்ள கோட்டைத் தாண்டிய செயலாகவும் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ‘மரியாதைக் குறைவான நடத்தை’ என்று எழுதினால், நடந்ததைச் சொல்லியதாக இருக்கும். யாருடைய வீட்டையும் தொட்டதாக இருக்காது.


பதில்: இருமொழியன், கோலாலம்பூர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் நீதிமன்றத்தில் தமிழுக்கும் மலாய்க்கும் இடையே மொழிபெயர்த்து வாழ்ந்தவன். வசைச்சொற்களை எடைபோடுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. சமாதானம் குலையும்படி ஒருவரை வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்கும் 504ஆவது பிரிவு நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. அத்தகைய வழக்கில் சாட்சி சொன்ன சொல்லை மெருகேற்றவும் கூடாது, மழுப்பவும் கூடாது. சொல்லப்பட்ட அதே கனத்தோடு அது மறுமொழியில் வந்து இறங்க வேண்டும்.

அந்தப் பழக்கத்தால், ஒரு வசைச்சொல் என் முன் வந்தால் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்தச் சொல் யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது? தமிழில் நம்மிடம் உள்ள சொற்களை அந்தக் கேள்வியோடு பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை குற்றவாளியோடு நின்றுவிடுவது தெரியும். ‘துடுக்கு’ என்றால் அது அந்தப் பிள்ளையின் வாயோடும் வயதோடும் முடிந்துவிடும். சொல்பவரிடம் ஓரளவு பரிவும் இருக்கும். ‘அதிகப்பிரசங்கி’ என்றால் தன் அளவுக்கு மேல் பேசினான் என்பதோடு சரி. ‘கொழுப்பு’, ‘திமிர்’ என்பவை உடம்பின் மீது பழியைப் போடும் சொற்கள். திமிர் என்பது உறுப்பு மரத்துப்போவதையும் குறிக்கும் சொல். ‘திமிர்வாதம்’ என்னும் நோயின் பெயரில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. மற்றவருக்கு வலிப்பது தெரியாத அளவுக்கு மரத்துப்போனவன் என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது என்பது விளங்கும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றிய அறிவிப்பில் அதை எழுத முடியாது. ‘தறுதலை’ என்பதையும் எழுத முடியாது. அது ஒரு மாலைப்பொழுதின் செயலுக்காக ஒருவனின் வாழ்நாள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

‘குராங் ஆஜார்’ இவற்றிலிருந்து வேறுபட்டு, பெற்றோரின் வாசலுக்கே நேராகப் போகிறது. தேசிய இலக்கியவாதி உஸ்மான் அவாங் இதையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நாணம் மிகுந்த தம் மக்கள் மிகவும் அஞ்சும் சொல் இது என்று தொடங்கி, தகப்பனின் கூச்சத்துக்கு வாரிசாகாமல் இருக்க நீ அப்படித்தான் ஆக வேண்டும் என்று தம் பிள்ளைக்குச் சொல்லும் கவிதை அது. அந்தச் சொல் அச்சமூகத்தில் அவ்வளவு ஆழமாகச் சுடாமல் இருந்திருந்தால், கவிஞர் அதைத் திருப்பிப் பிடித்ததற்குப் பொருளே இருந்திருக்காது.

இங்கே உங்களுக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டும், சகோதரி. மூலத்திலேயே குறை இருக்கிறது. பொது அறிவிப்பின் மலாயில் இச்சொல் பொருந்தாது. பண்பில்லாத என்று பொருள்படும் ‘தீடாக் சொப்பான்’ என்பதே அலுவல் நடைக்கு உரியது. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடுகளில் ஐந்தாவது கோட்பாட்டில் ‘கெசொப்பானான்’ என்று வருவதும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அக்கோட்பாட்டை நன்னடத்தையும் ஒழுக்கமும் என்று தமிழில் சொல்வதும் நமக்குத் தெரியும். உங்கள் அறிவிப்பை எழுதியவர் கோபத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பெரியவருக்காக வந்த கோபம் என்பதால் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் மொழிபெயர்க்கும் முன் குழுவிடம் போய், “இந்தச் சொல்லை இப்படியே ஒட்டப் போகிறீர்களா?” என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீதிமன்றத்தில் எனக்கு அந்த உரிமை இருந்ததில்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன ‘மரியாதைக் குறைவான நடத்தை’ சரியானதே. ஆனாலும் ஒரு நடைமுறைக் குறை உண்டு. அதைப் படிக்கும் பிள்ளைக்கு, தான் என்ன செய்தோம் என்பது தெரியாது. ‘எடுத்தெறிந்து பேசுதல்’ என்று உங்கள் கேள்வியிலேயே இயல்பாக எழுதியிருக்கிறீர்கள். அதைவிடத் துல்லியமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.


பதில்: பங்சார் அம்மா, கோலாலம்பூர்

வணக்கம். இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. குராங் ஆஜார் என்றால் என்ன என்று இந்த நாட்டில் பிறந்த தமிழர் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் என்ன? என் பிள்ளைகள் தங்களுக்குள் விளையாட்டாகக்கூட அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். எப்படி மொழிபெயர்த்தாலும் யாராவது ஒருவர் வருத்தப்படத்தான் போகிறார்.


பதில்: இருமொழியன், கோலாலம்பூர்

அம்மா, உங்கள் பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதே நான் அஞ்சுவதற்குக் காரணம். வேற்று மொழியின் வசை நம் வாய்க்கு வரும்போது அதன் கூர் மழுங்கிவிடுகிறது. பிள்ளைகள் வீட்டில் பழகிய அதே எளிமையோடு பள்ளியில் ஒரு மலாய் நண்பனைப் பார்த்து அதைச் சொன்னால், அவன் காதில் அது அவனுடைய தாய் தகப்பனைச் சொன்னதாக விழும். நம் வீட்டில் மழுங்கிய கத்தி அடுத்த வீட்டில் கூராகவே இருக்கிறது. அப்படியிருக்க, அதே சொல்லைத் தமிழ் எழுத்தில் பொதுப் பலகையிலும் ஏற்றிவிட்டால், அது எல்லா இடத்திலும் சொல்லக்கூடிய சொல்தான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். தவிர, தமிழ்ப் பகுதியை மட்டுமே படிக்கும் முதியவர்களுக்காகத்தான் அந்த மொழிபெயர்ப்பே எழுதப்படுகிறது.


பதில்: சூலியா தெருக்காரன், பினாங்கு

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகில் கடை வைத்திருக்கிறது. நான் இலக்கணம் படித்தவன் அல்லன். கடையில் நாள் முழுதும் நான்கு மொழிகளைக் கேட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினாலோ, காலை நீட்டி உட்கார்ந்தாலோ, “அதபாக இரு” என்று என் வாப்பா சொல்வார். நல்லொழுக்கம், மரியாதை என்று பொருள்படும் ‘அதபு’ என்ற அந்த அரபுச் சொல்தான் மலாயில் ‘அடாப்’ ஆகியிருக்கிறது. அதற்கு முன்னால் இன்மையைக் காட்டும் பாரசீக முன்னொட்டு சேர்ந்து ‘பியாடாப்’ என்று நிற்கிறது. குராங் ஆஜார் தெருச் சண்டையில் கேட்கும் சொல் என்றால், பியாடாப் நாளிதழிலும் மேடையிலும் கேட்கும் சொல். இரண்டும் ஒன்றுக்கொன்று நிகர் என்று அகராதியில் இருக்கலாம். கடையில் நின்று கேட்கும்போது முதலாவதில் வீட்டைப் பற்றிய குத்தல் இருக்கிறது, இரண்டாவதில் அது அவ்வளவாக இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு வேறொன்று. மலாயில் ‘பஹாசா’ என்றால் மொழி. அது நம் ‘பாஷை’தான். அதே சொல்லுக்கு நல்ல நடத்தை என்ற பொருளும் உண்டு. ‘புடி பஹாசா’ என்று சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் ‘புடி’யும் நம் ‘புத்தி’தான். நயமில்லாமல் நடந்துகொள்பவனை ‘பஹாசா தெரியாதவன்’ என்பார்கள். அவன் மலாயிலேயே பிறந்து வளர்ந்தவனாக இருந்தாலும் அவனுக்கு மொழி தெரியாது என்பதே குற்றச்சாட்டு. இதை முதலில் கேட்டபோது, நாமும் ‘அவனுக்குப் பேசத் தெரியவில்லை’ என்று இதே பொருளில்தான் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. வாய் ஓயாமல் பேசுகிறவனைப் பார்த்தும் அப்படிச் சொல்கிறோம் அல்லவா?

எங்கள் பக்கத்துக் கடைச் சீனரைக் கேட்டால், அவர்கள் மொழியிலும் மரியாதை கெட்டவனை ‘வீட்டுக் கல்வி இல்லாதவன்’ என்றுதான் சொல்வார்களாம். ஆக, நம்மைச் சுற்றியுள்ள மொழிகள் எல்லாமே சண்டை என்று வந்தால் வீட்டைத்தான் இழுக்கின்றன. செந்தூல் சகோதரி அவர்களே, உங்கள் பலகையின் சீனப் பகுதியை எழுதியவர் இந்த இடத்தில் என்ன செய்தார் என்று விசாரித்துப் பாருங்கள். அவருக்கு மிகச் சுலபமான நேர்ச்சொல் கையில் இருந்திருக்கிறது. அதை அவர் எழுதினாரா என்பதை அறிய எனக்கு ஆவல்.

இன்னொன்று. ‘இங்கிதம்’ என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. எதிரில் இருப்பவரின் மனக்குறிப்பை அறிந்து நடப்பது என்பது அதன் பொருள். ‘இங்கிதம் தெரியாத பிள்ளைகள்’ என்றால், தெரியாததைத் தெரிந்துகொள்ளலாம் என்ற கதவு திறந்திருக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கைத்தடியோடு நின்றவர் முகத்தில் கதவை மூடிய செயலுக்கு அந்தச் சொல் மிகவும் மெல்லியதாக இருக்கிறது. வயதானவருக்கு நேர்ந்ததைக் குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றும்.


பதில்: செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அனைவருக்கும் என் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து மாமனாரிடம் கொடுத்தேன். குறளைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

பினாங்கு அண்ணன் கேட்டபடி சீனப் பகுதியை எழுதும் அம்மையாரிடம் விசாரித்தேன். வீட்டுக் கல்வி இல்லாதவர்கள் என்ற அந்தச் சொல்தான் முதலில் தமக்கும் தோன்றியதாகவும், அதை எழுதினால் குடியிருப்பில் பாதிப் பேர் தம்மிடம் பேசமாட்டார்கள் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். அதற்குப் பதிலாக, ‘முதியோரிடம் மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். இருவரும் ஒரே சொல்லின் முன்னால் ஒரே வாரத்தில் தனித்தனியே தயங்கி நின்றிருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இருவரும் சேர்ந்தே குழுவின் செயலாளரைப் பார்த்தோம். அவர் அந்தப் பெரியவரின் பக்கத்து வீட்டுக்காரர். முதலில் சற்று முகம் வாடினார். பிறகு, சீனத்திலும் தமிழிலும் இல்லாத சுடுசொல் மலாயில் மட்டும் இருப்பது நியாயமில்லை என்று அவரே சொல்லி, மூலத்தைத் ‘தீடாக் சொப்பான்’ என்று மாற்றினார். தமிழ்ப் பகுதியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

‘மின்தூக்கி வாசலில் விளையாடும் பிள்ளைகள் சிலர், முதியவர்களுக்கு வழிவிடாமலும், அவர்களிடம் எடுத்தெறிந்து பேசியும், அவர்களை வெளியே நிறுத்திக் கதவை மூடியும் வருகிறார்கள். இது மரியாதைக் குறைவான நடத்தை. பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கண்டிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

மாமனாருக்கு இதில் ஒரே ஒரு சொல்லில் ஒப்புதல் இல்லை. ‘கண்டிக்குமாறு’ என்பதை ‘எடுத்துச் சொல்லுமாறு’ என்று மாற்றச் சொல்கிறார். செயலாளர் கண்டிக்கத்தான் வேண்டும் என்கிறார். நாளை மாலை ஒட்ட வேண்டும். ஆசிரியர் ஐயாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.


பதில்: பழைய வாத்தியார், பட்டர்வொர்த்

சகோதரி, அறிவிப்பு நன்றாக வந்திருக்கிறது. ‘கதவை மூடியும்’ என்று செயலை அப்படியே எழுதியதால், படிப்பவர் யாரும் வேறு பொருள் கொள்ள வழியில்லை. ஆனால் ‘வருகிறார்கள்’ என்று முடித்திருப்பது, நாள்தோறும் நடக்கும் செயல் போலக் காட்டுகிறது. ஒரு முறை நடந்ததை ‘நடந்துகொண்டார்கள்’ என்று இறந்த காலத்திலேயே எழுதிவிடுங்கள்.

கண்டிப்பதா, எடுத்துச் சொல்வதா என்பதில் நான் உங்கள் மாமனாரின் பக்கம். ‘ஆஜார்’ என்ற அந்தச் சொல்லுக்குக் கற்பித்தல் என்பதுதான் பொருள் என்று தொடக்கத்தில் பார்த்தோம். சொல்லிக் கொடுத்தது குறைந்துவிட்டது என்பதுதான் குற்றச்சாட்டு என்றால், சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பதே அதற்கு நேரான விடை. இரவு வேலைக்குப் போகும் அந்தத் தாய் விடியற்காலையில் வீடு திரும்பும்போது பலகையைப் படித்தாலும், அவர் கையில் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும். செயலாளரிடம் இதை மலாயில் விளக்கினால் அவருக்கு நம்மைவிட எளிதாகப் புரியும்.